மாட்டுக் கொட்டகையில் இரண்டு கேன் கடல்

என் மருமகள் புஷ்பலதா சென்னையிலிருந்து கடலைக் கொண்டுவந்த அன்று, நான் ஆட்டோ வைத்துக்கொண்டு திருத்தணி ரயில் நிலையத்துக்குப் போயிருந்தேன். இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் கேன். போதாததற்குப் பச்சை நிறத் தண்ணீர் நிரம்பிய பாட்டில் ஒன்று, துண்டில் சுற்றி, குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தாள்.

ஆட்டோ ஓட்டுகிற ராஜேஷ் கேனைத் தட்டிப் பார்த்தான். மூடியருகே மூக்கைக் கொண்டுபோனான்.

"இன்னா பெருசு, சரக்கா? எப்பவும் ஆந்திராலேர்ந்து மெட்ராஸுக்குத்தான போவும். இது இன்னா எதுக்க வருது?"

"கடல்" என்றேன்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

எங்கள் கே.ஜி.கண்டிகையில் நான் சொல்வதை யாரும் நம்புவதில்லை. எங்கள் வெள்ளாடு தானாக பஸ் ஏறித் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்ததைச் சொன்னபோதும் இப்படித்தான் சிரித்தார்கள். ஆட்டையே கொண்டுவந்து நிறுத்திக் காட்டினேன். தாடியைக்கூட வழித்து விட்டிருந்தார்கள். அப்போதும், நானே சிரைத்திருப்பேன் என்று சொன்னார்கள். சந்தேகப்படுகிறவனுக்கு எதைக் காட்டினாலும் இப்படித்தான்.

புஷ்பலதா மணவூர்ப் பெண். என் மகன் வெங்கடேசனுக்குக் கட்டிக் கொடுக்கும்போதே கடல் அறிவியலில் எம்.எஸ்ஸி. சேர்ந்திருந்தாள். படிப்பை முடிக்க விடவேண்டும் என்று அவள் வீட்டில் கேட்டார்கள். என் மனைவி ரத்தினம்மாள் சரி என்றாள். ஆனால் இந்த வருஷத்தோடு முடித்துவிட வேண்டும், பெயிலானேன், பாக்கி இருக்கிறது என்று அடுத்த வருஷம் யாரும் பையைத் தூக்கக் கூடாது என்று வெற்றிலை பாக்கு மாற்றும்போதே சொல்லிவிட்டாள். அவளுக்கு அந்தப் படிப்பின் மேலேயே சந்தேகம்.

"கடல் இல்லாத ஊர்ல வாக்கப்பட்டுட்டு கடலப் படிக்கிறாளே, இவ இங்க இருக்கப்போறவளா?" என்று என்னிடம் கேட்பாள். நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது.

கேன்களை வாசலில் இறக்கியதும் ரத்தினம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னாது இது?"

"கடல்தண்ணி அத்த. காலேஜ்ல மழத்தண்ணி பூந்து கரண்டு போயிடுச்சி, லீவு உட்டுட்டாங்க. மோட்டார் ஓடலன்னா உள்ள இருக்கற உயிரெல்லாம் செத்துடும். நம்ம வீட்ல இன்வெர்ட்டர் இருக்குதேன்னு எடுத்தாந்துட்டேன்."

"உயிரா? ஒண்ணியும் காணமே?"

"கண்ணுக்குத் தெரியாது அத்த. உத்துப் பாத்தா வெள்ளயா தூசு மாதிரி ஓடும். மைக்ராஸ்கோப்புல பாக்கணும்."

"அது எங்க?"

"காலேஜ்ல."

ரத்தினம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பது வருஷமாக என்னைப் பார்த்த பார்வைதான். இந்த வீட்டுக்கு இன்னொரு புளுகு மூட்டை வந்து சேர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

வீட்டுக்குள் உப்புத் தண்ணீர் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் பலகை போட்டுக் கேன்களை வைத்தோம். வெங்கடேசன் ஷிப்டு முடித்து வந்து இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தான். மீன்தொட்டிக்கு வைக்கிற சின்ன மோட்டாரை மாட்டியதும் கேனுக்குள் குமிழி வர ஆரம்பித்தது. காலையும் மாலையும் புஷ்பலதா பச்சைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். அதில் இருக்கிற பாசிதான் அவற்றுக்குச் சாப்பாடாம். அந்தப் பூச்சிகளுக்குக் கோப்பிபாட் என்று பெயர். மீன்குஞ்சும் இறால்குஞ்சும் பிறந்த உடனே தின்பது இவற்றைத்தானாம். எந்தத் தீனி போட்டால் இவை அதிகம் பெருகும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. மாதக்கணக்கில் வளர்த்தவை. இவை செத்தால் மறுபடி முதலிலிருந்து பிடித்து வளர்க்க வேண்டும், வருஷம் போய்விடும். அடுத்த வருஷம் என்பது இந்த வீட்டில் கிடையாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் ராத்திரியில்கூட எழுந்துபோய்க் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

"இது ஆறாவது தலமுறை அத்த" என்று ஒரு நாள் ஆசையாகச் சொன்னாள்.

"ஆங். தூசிக்கெல்லாம் பேரன் பேத்தி பொறந்துடுச்சி. நான்தான் ஒண்ணியும் காணாம குந்திகினு கெடக்கறேன்" என்று சொல்லிவிட்டு ரத்தினம்மாள் சாணி அள்ளப் போய்விட்டாள்.

மறுநாள் கிருஷ்ணன் டீக்கடையில் இதைப் பற்றிக் கேட்டார்கள். நானாக ஆரம்பிக்கவில்லை. எங்கள் பசு ராத்திரியெல்லாம் கேன் மூடியை நக்குகிறது, அதனால் பால் உப்போடு கறக்கிறது, மோருக்குக் கறிவேப்பிலை மட்டும் கிள்ளிப் போட்டால் போதும் என்று உள்ளதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். கிருஷ்ணன் வடைக்கு மாவு தட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

தங்கவேல் மட்டும் சிரிக்கவில்லை.

தங்கவேல் என் மனைவிக்குச் சித்தப்பா மகன்; அக்காள் புருஷன் என்பதால் நான் அவனுக்குப் பாவா. என் நிலத்துக்கும் அவன் நிலத்துக்கும் நடுவே ஒரு வரப்புதான். நெல் எடை போடும்போது மூட்டையை மட்டுமல்ல, எடைக்கல்லையும் கையில் தூக்கிப் பார்க்கிற ஆள். சாமி கும்பிடும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்து செருப்பைப் பார்த்துக்கொள்வான். டீ கிளாசைப் பெஞ்சில் வைத்துவிட்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"பாவா, போன மாசம் ஜேசிபி வெச்சி குட்டை தோண்டுனியே, எதுக்கு?"

"மழத்தண்ணி நிக்கத்தான்."

"உம் மருமவ படிக்கறது கடலு."

"ஆமா."

"கேன்ல வந்துகீறது கடல்தண்ணி."

"ஆமா."

"உள்ள இருக்கறது இன்னா?"

"இறாக்குஞ்சு திங்கற தீனின்னு சொல்றா."

தங்கவேல் எழுந்தான். டீ பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அவன் டீயை மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை.

அவன் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவனுடைய சகலை ஆந்திராவில் கடலோரக் கிராமம் ஒன்றில் நெல் வைத்துக்கொண்டிருந்தவன். பக்கத்து நிலக்காரன் வயலை வெட்டி இறால் குட்டை போட்டான். இரண்டு போகம் தாண்டுவதற்குள் சுற்றியிருந்த கிணறெல்லாம் உப்புப் பிடித்துவிட்டது. சகலை மாடுகளை விற்றுவிட்டுச் சென்னையில் ஏதோ அடுக்குமாடிக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டான். தங்கவேல் அந்த நிலத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவன். வரப்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தான்.

என் ஆடு மொட்டை போட்டதை நம்பாதவன், என் நிலத்தில் இறால் வரப்போகிறது என்பதை, நான் சொல்லாமலேயே நம்பிவிட்டான்.

அன்று சாயங்காலமே அவன் தன் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்து வாயில் ஊற்றிக் கொப்பளித்துப் பார்த்தானாம். அப்புறம் மனைவியைக் குடிக்கச் சொன்னானாம். அவள் எப்போதும் போலத்தான் இருக்கிறது என்றதும், "எப்பவும் எப்பிடி இருந்திச்சி?" என்று கேட்டானாம். அந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. ஊரில் யாருக்குமே தெரியவில்லை. பிறந்ததிலிருந்து குடிக்கிற தண்ணீர், அதன் ருசியை யார் கவனித்தார்கள்? கண்டிகையில் ஆளாளுக்குத் தங்கள் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வானத்துக்கு முகத்தைத் தூக்கி நின்றார்கள். ஒருவன் உப்பு என்றான். ஒருவன் துவர்ப்பு என்றான். தெலுங்குக்காரக் கிழவர் ஒருவர் தித்திக்கிறது என்று சொல்லிவிட்டு, சர்க்கரை வியாதிக்காரர் என்பதால் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டார்.

அதற்குள் மழை எங்கள் பக்கமும் வந்து கரண்டு அடிக்கடி போயிற்று. இன்வெர்ட்டர் பெருமூச்சு விடத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை, நாளை கல்லூரி திறக்கிறது என்று புஷ்பலதாவின் செல்போனில் தகவல் வந்தது. விடிந்ததும் முதல் வண்டிக்குக் கேன்களோடு கிளம்பிவிட வேண்டும் என்று துள்ளினாள். ஆனால் யார் தூக்குவது? வெங்கடேசனுக்குக் காலை ஷிப்டு. எனக்கு முழங்கால். ஒரு கேனை விட்டுவிட்டுப் போனால் பாதி ஆராய்ச்சி போய்விடும் என்று கேன்களுக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தங்கவேல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, நீ கூடப் பொறந்தவ மாதிரி. மூஞ்சிக்கு நேரா கேக்கறேன். இறா வளக்கப் போறீங்களா, இல்லியா?"

ரத்தினம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா இறா? இன்னிக்கி கீரதான்டா செஞ்சிகீறேன்."

"சமையல கேக்கல. குட்டை தோண்டியாச்சி. தண்ணி வந்தாச்சி. தீனி வந்தாச்சி. படிச்சவளும் வீட்லியே கீறா. அடுத்தது இறாதான?"

"சித்தப்பா, அது என் பரீட்சைக்கு வளக்கறது. ஆராய்ச்சி" என்றாள் புஷ்பலதா.

"எம்மா, நீ நல்லவதான். எங்க சகலை பக்கத்து நெலத்துக்காரன்கூட நல்லவன்தான். அந்தத் தண்ணிய இப்பவே கொட்டிடு. எங்க கண்ணு முன்னாடி."

வந்த ஆட்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். புஷ்பலதாவின் முகம் வெளுத்துவிட்டது. கொட்டகை வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

நான் எதைச் சொன்னாலும் புளுகு என்றுதானே ஆகும். அதனால் ஒரு கேள்வியை மட்டும் கேட்டேன்.

"எங்க கொட்டலாம்னு சொல்லு தங்கவேலு. கொட்டிடலாம்."

"உங்க நெலத்துலியே கொட்டு."

"டேய்!" என்று ரத்தினம்மாள் குரல் உயர்ந்தது. "உன் நெலத்துல உப்பு ஏறக் கூடாது, என் நெலத்துல ஏறலாமா? கடல ஊத்திட்டு நான் எப்பிடி நெல்லு எடுப்பேன்?"

"அப்ப கால்வாய்ல கொட்டு" என்றான் பின்னால் நின்ற ஒருவன்.

"கால்வா எம் பக்கம்தான் வருது. யாரு கொட்டறதுன்னு நானும் பாக்கறேன்" என்றான் ராஜேஷ். அவன் ஆட்டோவை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்தவன். கால்வாய்க்குக் கீழே அவன் அண்ணனுக்கு மூன்று காணி நிலம் இருந்தது.

"நந்தியாத்துல கொட்டிடலாம்" என்றான் இன்னொருவன்.

"ஆத்துக்குக் கீழ எங்க மாமனாரு ஊரு கீது. நீ உம் மாமனாருக்குக் கொடுப்பியா?"

"கொதிக்க வெச்சிட்டா?"

"தண்ணிதான் போவும். உப்பு பாத்திரத்துலியே நிக்கும்."

"அந்த உப்ப கொழம்புல போட்டுக்கோ."

"பூச்சியோடவா? கெட்டுது போ!" என்று ரத்தினம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

ரோட்டில் கொட்டலாமா என்றார்கள். மழை பெய்தால் வயலுக்குத்தான் ஓடும். கோயில் குளத்தில் என்று ஒருவன் ஆரம்பித்ததும் நாலு பேர் அவனை அடிக்கப் போனார்கள். திருத்தணியைச் சுற்றி இருக்கிற இத்தனை பூமியில் இரண்டு கேன் உப்புத் தண்ணீரைக் கொட்ட ஒரு முழம் இடம் இல்லை. அவ்வளவு நேரம் கொட்டு கொட்டு என்றவர்கள், இப்போது கேன் கவிழ்ந்துவிடப் போகிறதே என்று கொட்டகைப் பக்கம் பயத்தோடு எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பசுவை வேறு இடத்தில் மாற்றிக் கட்டுங்கள், உதைத்துத் தள்ளிவிடும் என்று ஒருவன் யோசனை சொன்னான். தங்கவேலே போய்க் கட்டிவிட்டு வந்தான்.

"இது கடலுக்குத்தான் திரும்பப் போவணும்" என்றான் கடைசியில்.

"நாளைக்குக் காலேஜுக்குத்தான் எடுத்துகினு போறேன் சித்தப்பா. அங்கதான் இருக்கும்" என்றாள் புஷ்பலதா.

"அப்பிடின்னு சொல்லிட்டு வழியில எங்கனா கொட்டிட்டுப் போனா? பொம்பள நீ, ரெண்டு கேன எப்பிடித் தூக்குவ? கை வலிச்சா இன்னா பண்ணுவ? நான் கூட வரேன்."

புஷ்பலதா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் மேலே பார்த்தேன். ஒட்டடை நிறைய இருந்தது.

"சரி சித்தப்பா. உங்களுக்கு நம்பிக்கை இல்லன்னா வாங்க" என்றாள், மனசே இல்லாதவள் மாதிரி.

மறுநாள் காலை வண்டியில் மூன்று பேரும் ஏறினோம். நான் நடுநிலை. ஒரு கேனை புஷ்பலதா காலடியில் வைத்துக்கொண்டாள். இன்னொன்றைத் தங்கவேல் மடியை விட்டு இறக்கவில்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் மூடியை அழுத்திப் பிடித்தான். அரக்கோணத்தில் கூட்டம் ஏறியது. கீரைக்கூடையோடு வந்த ஒரு அம்மாள் அவன் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, "இன்னா நைனா கேன்ல, தேனா? என்னா வெல?" என்று கேட்டாள்.

"வெஷம்" என்றான் தங்கவேல். அவன் பொய் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை அது அதுதான்.

அதற்கப்புறம் நாங்கள் மூன்று பேரும் காலை நீட்டி உட்கார்ந்து வந்தோம். அந்த வண்டியில் அது நடக்காத காரியம். மணவூர் வந்தது. தாய்வீட்டு ஸ்டேஷன், புஷ்பலதா ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை. கேனையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடம்பத்தூர் தாண்டியதும் தங்கவேல் மடியிலிருந்த கேனில் குமிழி நின்றுவிட்டது. பயணத்துக்கென்று மாட்டியிருந்த பேட்டரி மோட்டார் படுத்துவிட்டது. புஷ்பலதா அதைத் தட்டினாள், ஊதினாள், பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். வரவில்லை. கண் கலங்கிவிட்டது. காற்று இல்லாவிட்டால் அந்தக் கேனில் இருப்பதெல்லாம் சென்னை சேர்வதற்குள் முடிந்துவிடும். ஆனால் அதைத் தங்கவேலிடம் எப்படிச் சொல்வாள்? செத்தால் சந்தோஷப்படுகிற ஆள் மடியில்தானே கேன் இருக்கிறது.

"இன்னா ஆச்சி?" என்றான் அவன், சந்தேகமாக.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "காத்து நின்னு போச்சி. உள்ள இருக்கறது செத்துதுன்னா நொதிக்கும். நொதிச்சா கேன் உப்பும். உப்பி வெடிச்சா பொட்டி முழுக்க உப்புதான். உன் வேட்டில பட்டுதுன்னு வெச்சிக்கோ, நீ அதோடதான் ஊருக்குப் போய் வரப்புல நடப்ப."

தங்கவேல் வேட்டியைப் பார்த்தான். கேனைப் பார்த்தான். "சொல்லித் தொலைய வேணாமா? இன்னா பண்ணணும் இப்ப?"

"மூடியத் தெறந்து டம்ளரால மொண்டு மொண்டு ஊத்தணும் சித்தப்பா. டீ ஆத்தற மாதிரி. ஆனா ரொம்ப ஒசரத்துலேர்ந்து வேணாம். மெதுவா" என்றாள் புஷ்பலதா, அவசரமாக.

அவன் ஆற்றினான். நான் எத்தனையோ டீக்கடை பார்த்திருக்கிறேன், அப்படி யாரும் ஆற்றிப் பார்த்ததில்லை. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. திருவள்ளூரில் கூட்டம் ஏறி அவனைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. ஒருவர் கிளாசை நீட்டினார். "தள்ளு, தள்ளு" என்று அதட்டிவிட்டு ஆற்றினான். கை மாறி மாறி ஆற்றினான். பெரம்பூரில் நான் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்ளட்டுமா என்றதற்கு, "உன்னை நம்பி தரமாட்டேன் பாவா" என்று சொல்லிவிட்டான். சென்ட்ரலில் இறங்கும்போது விரல் மடங்கவில்லை. ஆட்டோவிலும் ஆற்றிக்கொண்டேதான் வந்தான்.

கல்லூரியில் கல்பனா மேடம் என்ற பேராசிரியை காத்திருந்தார். புஷ்பலதா இரண்டு கேனிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தட்டில் விட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். ரொம்ப நேரம் நிமிரவில்லை. என் முழங்காலுக்குக்கூட வலி மறந்துவிட்டது.

"மேடம், காலடியில வெச்சிருந்தது கொஞ்சம் போயிடுச்சி" என்றாள் நிமிர்ந்து. "ஆத்திகினு வந்த கேன் அப்பிடியே இருக்குது."

மேடமும் பார்த்தார். "போதும். இத வெச்சே முடிச்சிடலாம்" என்றார். பிறகு தங்கவேலைப் பார்த்து, "நீங்க யாரு? இவ்வளவு பத்திரமா கொண்டுவந்திருக்கீங்க" என்றார்.

"எனக்கு இதுங்க மேல நம்பிக்கை இல்ல" என்றான் தங்கவேல். "நான் பாக்கணும்."

ஒரு கண்ணை மூடச் சொல்லிக்கொடுத்தார்கள். குனிந்தவன் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டான். மறுபடி குனிந்தான்.

"ஒத்தக் கண்ணு. செவப்பா கீது. ரெண்டு பக்கமும் பை மாட்டிகினு கீது." கொஞ்ச நேரம் கழித்து, "எங்க கெளம்புது?" என்றான்.

"அது முட்டைப் பை. பொட்டை" என்றார் மேடம்.

"அப்ப இன்னும் பெருகுமா?"

"பெருகணும். அதுக்குத்தான ஆராய்ச்சி."

"இத்த எப்ப கடல்ல உடுவீங்க?"

"விட மாட்டோம். வேலை முடிஞ்சதும் இங்கயே மருந்து போட்டு அழிச்சிட்டு, அப்புறம்தான் தண்ணிய வெளியேத்துவோம்."

"அதுக்கு யாரு சாட்சி?" என்று கேட்டுவிட்டு, தங்கவேல் ஸ்டூலை இழுத்துப் போட்டு மைக்ராஸ்கோப்புக்கு எதிரே உட்கார்ந்தான். "நீ போ பாவா. இதுங்க எவ்ளோ வேகமா பெருகுதுன்னு பாத்துட்டுத்தான் நான் வருவேன்."

புஷ்பலதா வராந்தாவுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அத்த, பொழச்சிகினுது. இந்த வருஷமே முடிச்சிடுவேன்."

பின்னால் பசு கத்துவது கேட்டது.

"தங்கவேலு எங்க?"

"உள்ள, அதுங்க கிட்டதான் குந்திகினு கீறாரு. எழுந்திரிக்க மாட்டேன்றாரு."

"அவன நம்பாதடி! யாரும் பாக்காதப்ப எதனா ஊத்திடப் போறான். மாசக் கணக்குல பாடுபட்டுகீற. போ, நீயும் பக்கத்துலியே குந்து. கண்ண எடுக்காத."

"சரிங்க அத்த" என்றாள் புஷ்பலதா. உள்ளே போய், இன்னொரு ஸ்டூலை எடுத்துத் தங்கவேலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.